நின்று கொல்லும் தெய்வமும் நின்று பார்க்கும் ஊரும்

அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்ற பழமொழியைச் சொல்லாத வாய் நம் ஊர்களில் இல்லை. கூடுவாஞ்சேரியில் போலிப் பத்திரத்துக்கு மனையைப் பறிகொடுத்தவரிடமும், செங்கல்பட்டு நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி அலைகிறவரிடமும், மாமல்லபுரம் கரையோரக் குப்பத்தில் கடலோர நிலம் கைமாறிப்போய் நிற்கிறவரிடமும் நாம் ஆறுதலாகச் சொல்வது இதைத்தான். "ஏமாத்துனவன் நல்லா இருக்க மாட்டான், பாருங்க" என்று கூடவே ஒரு வாக்குறுதியும் கொடுக்கிறோம். பிறகு அந்த ஏமாற்றியவருக்குச் சிறுநீரகம் பழுதானாலோ, அவர் மகன் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டியிலிருந்து விழுந்தாலோ, "ஆண்டவன் கூலி கொடுத்துட்டான்" என்று கணக்கை முடிக்கிறோம். கோயில் வாசலிலும் ஜெப வீட்டிலும் தேநீர்க் கடையிலும் ஒன்றுபோல ஒலிக்கும் இந்தப் பார்வைக்குப் பக்தி என்று பெயர் இருக்கிறது. அதை மறுக்கவே இந்தக் கட்டுரை. கடவுளின் நீதியை நான் மறுக்கவில்லை. அதை முழுமனதாக நம்புகிற இடத்தில் நின்றுகொண்டே சொல்கிறேன்: பிறருக்கு வரும் நோயிலும் விபத்திலும் வெள்ளத்திலும் கடவுளின் தீர்ப்பைப் படித்துக் காட்டும் பழக்கம் குற்றமற்றவர்களை மிதிக்கிறது, குற்றவாளிகளுக்கு நற்சான்று எழுதித் தருகிறது, நடுவில் நிற்கும் நமக்குக் கடமையிலிருந்து விடுமுறை கொடுக்கிறது. இதற்குச் சாட்சி தேடித் தூரம் போக வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டமே போதும்.

முதல் சாட்சி செங்கல்பட்டை ஒட்டிய திருமணி. 1924-இல் அங்கே லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லம் தொடங்கியது. 1955-இல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு தொழுநோய்க்கான பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்களின் உடம்பைத் தின்றது ஒரு கிருமி. அவர்களை வீட்டைவிட்டுத் துரத்தியதோ, நான் மேலே சொன்ன அந்தப் பார்வை. பெருவியாதி என்றால் பெரும்பாவத்தின் சம்பளம் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. தாயைப் பிள்ளை ஒதுக்கியதும், மனைவியைக் கணவன் அனுப்பியதும், சத்திரத்துத் திண்ணைகூட மறுக்கப்பட்டதும் அந்த முடிவின் பேரால்தான். நோயின் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டது 1873-இல். 1940-களில் ராபர்ட் காக்ரேன் போன்ற மருத்துவர்களின் கையால் சல்போன் மருந்து இந்தச் செங்கல்பட்டு மண்ணிலேயே நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ குணமாகிற நோயாக அது ஆகிவிட்டது. தொழுநோய் தெய்வம் கொடுத்த தண்டனை என்றால், அந்தத் தண்டனையை மாத்திரை அட்டை ஒன்று ரத்து செய்துவிட்டது என்று சொல்ல வேண்டிவரும். அப்படிச் சொல்ல எந்தப் பக்தரும் துணியமாட்டார். ஆனாலும் தம் பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்றவர்களையும் காணோம். தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016 வரை ஏட்டில் இருந்தது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற விதி 2019-இல்தான் நீங்கியது. மருந்து வந்து எழுபது ஆண்டுக்குப் பின்னும் சட்டத்தைவிட்டு இறங்காத அளவுக்கு வேரோடியிருந்தது அந்தப் 'பாவத்தின் சம்பளம்'.

அடுத்தது கடல். 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்திராவை ஒட்டிக் கடலடி நிலம் பிளந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து அலை நம் கரையில் ஏறியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். அதில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தினர். கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம் கரைக் குப்பங்களிலும் பிணங்கள் ஒதுங்கின. ஈரம் காய்வதற்குள் காரணம் சொல்ல வந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் காஞ்சி மடாதிபதி கைது செய்யப்பட்டதற்குத் தெய்வம் கொடுத்த அடி என்று சொன்னவர்கள் உண்டு. இறுதி நாளின் அடையாளம், மனம் திரும்பாத கரைக்கு எச்சரிக்கை என்று சொன்னவர்களும் உண்டு. யார் செத்தார்கள் என்று மட்டும் பார்த்திருந்தால் இந்தப் பேச்சு தொண்டையிலேயே நின்றிருக்கும். செத்தவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். ஆழ்கடலுக்குப் போயிருந்த ஆண்களில் பலர் தப்பியதற்குக் காரணம் புண்ணியமல்ல. ஆழத்தில் அந்த அலை படகைத் தூக்குவதே தெரியாது, கரையை நெருங்கும்போதுதான் எழும்பும். கிறிஸ்துமஸுக்கு மறுநாளான அன்று, வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற நூற்றுக்கணக்கான பக்தர்களை அலை கொண்டுபோனது. பேராலயத்துக்குள் தண்ணீர் வராததை அதிசயம் என்று இன்றும் பேசுகிறோம். அதே மாதாவைப் பார்க்கவே ஊர் ஊராக ரயில் ஏறி வந்து மணலில் நின்றவர்களைப் பற்றி அந்த அதிசயத்தில் ஒரு வார்த்தை இல்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு பழைய முருகன் கோயில் கிடைத்தது. அடியில் செங்கல் கோயில், அதன்மேல் பல்லவர் காலக் கல் கோயில். கடல் முற்காலத்திலும் ஏறிவந்து இதை மூடியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அலை தெய்வத்தின் கைத்தடி என்றால், அது தெய்வத்தின் வீட்டையே ஏன் இடித்தது? அலைக்குக் கோயிலும் தெரியாது, குப்பமும் தெரியாது. நீதியைச் சுமந்துவரும் ஆள் அதுவல்ல.

இந்தப் பார்வையை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தினாலும் அது தவறாகவே முடியும் என்பதற்குக் காந்தியே சான்று. 1934 ஜனவரி 15-இல் பீகாரை நிலநடுக்கம் குலைத்தது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். அரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்த காந்தி, அடுத்த வாரமே திருநெல்வேலிக் கூட்டத்தில், இது தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அனுப்பிய தண்டனை என்று பேசினார். தீண்டாமை பாவம் என்பதில் யாருக்குச் சந்தேகம்? நோக்கத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் தாகூர் வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே பிரசுரித்துப் பதிலும் சொன்னார். தாகூரின் வாதத்தில் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது: காந்தியின் எதிரிகளும் இதே வாதத்தைத் திருப்பிப் போட்டு, அந்த நடுக்கத்துக்குக் காந்தியையும் அவருடைய ஆட்களையும் பொறுப்பாக்கலாமே என்பது. சேரிக்காரரைக் கோயிலுக்குள் விடச் சொன்னதால்தான் பூமி குலுங்கியது என்று ஒரு சனாதனி சொன்னால் அவரை எந்த அளவுகோலால் மறுப்பது? பேரழிவை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்று ஒத்துக்கொண்டுவிட்டால், எந்தத் தீர்ப்பையும் யாரும் சொல்லலாம். போதாக்குறைக்கு, அந்த நடுக்கத்தில் வீடு இடிந்து செத்தவர்களில் தீண்டாமையைச் செய்தவர்களும் இருந்திருப்பார்கள், அதை அனுபவித்தவர்களும் இருந்திருப்பார்கள். எழுபது ஆண்டு கழித்துச் சுனாமியில் நடந்ததும் அதுவே.

கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு இதை 2015-ஐ நினைவூட்டிச் சொன்னால் இன்னும் எளிதில் விளங்கும். நந்திவரம் ஏரி நிரம்பி வழிந்தால், ஊரப்பாக்கம், ஆதனூர் வழியாக அடையாற்றின் தலைப்பகுதிக்குத் தண்ணீர் போக வேண்டும். அந்த வழியில் மனை போட்டார்கள், விற்றார்கள், போனார்கள். டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஊரப்பாக்கத்திலும் முதல் மாடி வரை தண்ணீர் ஏறியபோது, மொட்டை மாடியில் நின்று படகுக்குக் கைகாட்டியவர்கள் யார்? இருபது வருடக் கடனுக்கு வீடு வாங்கிய சம்பளக்காரர்கள். கால்வாயை அளந்து மனையாக்கியவர்கள் அங்கே இல்லை. அவர்கள் மேட்டுநிலத்தில் குடியிருப்பவர்கள். 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று சொன்னது. அதற்குள் நாம் 'இயற்கையின் சீற்றம்', 'வருண பகவானின் கோபம்' என்று பெயர் வைத்து முடித்திருந்தோம். வருணன்மேல் பழி விழுந்ததும் மனைத் தரகருக்கு நிம்மதி. ஏரியை விழுங்கியவரின் வீட்டைத் தவிர்த்து, ஏமாந்து வாங்கியவரின் வீட்டை மூழ்கடித்த ஒரு தண்டனையை நீதியுள்ள கடவுளின் பேரில் எழுதுவதைவிடப் பெரிய தெய்வநிந்தனை வேறென்ன இருக்கிறது?

இந்தக் கணக்கேட்டின் மறுபக்கம் இதைவிடக் கொடியது. துன்பம் தண்டனை என்றால் செல்வம் பரிசாகிவிடுகிறது. நோய்வாய்ப்பட்டவன் பாவி என்று சொன்ன அதே வாய், செழித்தவனை ஆசீர்வதிக்கப்பட்டவன் என்றும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லிக்கொண்டும் இருக்கிறோம். "தெய்வ அருள் இல்லாமலா இவ்வளவு சொத்து சேரும்?" என்ற கேள்வியில், அந்தச் சொத்து எப்படிச் சேர்ந்தது என்ற கேள்வி செத்துவிடுகிறது. அபகரித்த நிலத்தில் எழுந்த கல்யாண மண்டபத்துக்குப் பூஜை போட்டு, கோயில் குழல்விளக்கில் பெயர் எழுதி, சபைக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்து, தலைவலி இல்லாமல் எண்பது வயது வரை வாழ்ந்து முடிக்கிறார் ஒருவர். நம் கணக்கின்படி அவர் நிரபராதி. தண்டனை கண்ணுக்குத் தெரியவில்லை அல்லவா? கடவுள் பயத்தை எடுத்துவிட்டால் ஊர் கெட்டுவிடும் என்பவர்களுக்கு என் பதில் இதில் இருக்கிறது. பரிகாரம் செய்து தீர்க்கக்கூடிய பயம் யாரையும் தடுத்ததில்லை. உண்டியலில் கட்டிவிடக்கூடிய அபராதமாகத் தண்டனையை ஆக்கி வைத்தவர்கள் நாம்தான். நீதிமன்றமே இந்த மயக்கத்துக்கு ஆட்பட்டதுண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட வழக்கில், அமர்வு நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவுக்குப் பெரிய மனிதர்கள் தாமே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. செல்வமே குற்றமின்மைக்குச் சான்றாகிப்போனது. வழக்கின் முதல் எதிரியான கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, "தெய்வம் நின்று கொன்றது" என்று சொல்லிக்கொண்டார்கள். அவரைக் கொன்றவர்கள் மனிதர்கள். அந்தக் கொலையைத் தெய்வத்தின் பேரில் வரவு வைத்தால், வெந்துபோன குழந்தைகளின் வழக்கு தீர்ந்துவிட்டது என்று பொருளாகும். தீரவில்லை.

செங்கல்பட்டுக்கே உரிய வழக்கு ஒன்று இருக்கிறது. நூற்று முப்பது ஆண்டு கடந்தும் தீராதது. 1891-இல் இந்த மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், இங்குள்ள பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கிடந்தாலும் அவர்கள் கைக்குப் போகவிடாமல் மிராசுதாரர்கள் தடுப்பதையும், வீட்டு மனைகூடச் சொந்தமில்லாமல் அவர்கள் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடப்பதையும் அதில் விவரித்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-இல் வந்த அரசாணையின்படி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது இதைத்தான். பத்தாண்டு வரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன்பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே கொடுக்கலாம், மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம் என்பவை நிபந்தனைகள். இவ்வளவு தெளிவான நிபந்தனை இருந்தும் நிலம் கைமாறியது. கடனுக்காக, கள்ளுக்காக, மிரட்டலுக்காக, வெற்றுக் கைநாட்டுக்காக மாறியது. 1994-இல் மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். இந்தத் தீமைக்குக் கண்ணுக்குத் தெரியும் தண்டனை எது? நிலத்தை எழுதி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நெல் விளைந்த இடத்தில் இப்போது சதுர அடிக்குப் பேரம் நடக்கிறது. நின்று கொல்லும் என்று சொல்லிக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்கலாம்.

"சாத்திரமே அப்படிச் சொல்லும்போது நீ யார் மறுக்க?" என்று ஒருவர் கேட்பார். சங்கிலியாருக்குக் கொடுத்த சூளுறவை மீறியதால் சுந்தரர் திருவொற்றியூரில் கண்ணிழந்தார், சமணம் புகுந்த அப்பரைச் சிவன் சூலை நோய் கொடுத்து ஆட்கொண்டார் என்பவை பெரியபுராண வரலாறுகள்தாமே? ஆம். ஆனால் அங்கே நோயின் பொருளைச் சொன்னது யார் என்று பார்க்க வேண்டும். தம் கண்ணைப் பற்றிச் சுந்தரர் சொன்னார், தம் வயிற்றைப் பற்றி அப்பர் சொன்னார். தனக்கு வந்த துன்பத்தில் தன் குற்றத்தை ஒருவர் காண்பது தவம். பிறனுக்கு வந்த துன்பத்தில் பிறன் குற்றத்தைக் காண்பது தவமாகாது, திமிர். அந்தச் சூலையை அக்கம்பக்கத்தார் அப்பரின் முகத்தில் எறிந்து, "வேண்டும் உனக்கு" என்று சொன்னதாகச் சேக்கிழார் எழுதவில்லை. தமக்கை திலகவதியார் அவருக்குத் திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப்போனதாகத்தான் எழுதினார். விவிலியத்தில் யோபுவின் நண்பர்கள் செய்தது நாம் செய்வதையேதான்: பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்து புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்தவரிடம், பாவம் செய்யாமலா இது வந்தது என்று வாதாடினார்கள். முடிவில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது யோபுவின்மேல் அல்ல, அந்த நண்பர்கள்மேல். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். சிங்கப்பெருமாள்கோயிலை அடுத்த திருக்கச்சூருக்குப் போய்வந்தவர்கள், பசியில் களைத்த சுந்தரருக்காகச் சிவன் நடுப்பகலில் ஓடெடுத்து வீடு வீடாகச் சோறு இரந்து வந்த கதையைக் கேட்டிருப்பார்கள். நம் மாவட்டத்து மண்ணே வைத்திருக்கும் இந்தத் தெய்வம், யாருக்கு என்ன தண்டனை என்று பட்டியலோடு அலைகிற தெய்வம் இல்லை. பசித்தவன் பக்கம் நடந்துவந்த தெய்வம்.

போன பிறவியின் வினை என்று இன்னும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதனால்தான் வலியவர்களுக்கு அது வசதியாக இருக்கிறது. காரணை மக்களின் நிலம் போனதற்கு அவர்களின் முற்பிறவி காரணம் என்று சொல்லிவிட்டால், இந்தப் பிறவியில் பத்திரம் எழுதியவன் வெறும் வினையின் கருவியாகிவிடுகிறான். திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே வள்ளுவர், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்ற பொருளில் சபிக்கிறார். இரப்பவனைப் பார்த்து உன் வினை என்று அவர் சொல்லவில்லை. பொறாமைக்காரனின் செழிப்பையும் செம்மையானவனின் கேட்டையும் பற்றிச் சொல்லும்போது, அது ஆராய்ந்து பார்க்க வேண்டியது என்று நிறுத்திக்கொள்கிறார். இரண்டாயிரம் ஆண்டாகப் போற்றப்படும் அந்த மனமே அவசரமாக விடை சொல்லவில்லை. நமக்கு மட்டும் எப்படி அவ்வளவு உறுதி வருகிறது?

எதிர்வாதங்களில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. "வேறு எந்தக் கதவும் திறக்காதவர்களுக்குத் தெய்வம் கேட்கும் என்ற ஒன்றுதான் மிச்சம், அதையும் பறிக்கிறாயா?" என்பது. பறிக்கமாட்டேன். கொல்லங்குடி வெட்டுடையார் காளி சன்னதியில் காசு வெட்டிப் போடுகிறவரையும், ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல்லுக்கு மிளகாய் அரைத்துப் பூசுகிறவரையும், தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுகிறவரையும் எள்ளி நகையாட எனக்கு மனம் வராது. காவல் நிலையம் புகாரை வாங்காதபோது அவர்கள் எழுதிக் கொடுக்கும் புகார் அது. பாதிக்கப்பட்டவர் வாயில் "தெய்வம் பார்த்துக்கும்" என்பது மன்றாட்டு. அதே சொல் பக்கத்து வீட்டுக்காரர் வாயில், வார்டு உறுப்பினர் வாயில், பூசாரி வாயில், போதகர் வாயில் வரும்போது கைகழுவல் ஆகிறது. அந்த மண்ணை வாரித் தூற்றும் பெண்ணைச் சுற்றி ஊரே கூடி நிற்கும், பார்க்கும், கலைந்துபோகும். பழமொழிக்கு முதல் பாதி ஒன்று இருக்கிறதே, அதை ஏன் யாரும் நினைப்பதில்லை? அரசன் அன்றே செய்ய வேண்டியதைச் செய்திருக்க வேண்டும். கன்றை இழந்த பசு மணியை அடித்தபோது மனுநீதிச் சோழன் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று உள்ளே போய்ப் படுத்திருந்தால், அவனுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் சிலை இருந்திருக்காது.

காத்திருப்பதும் கைகட்டி நிற்பதும் ஒன்றல்ல என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-இல் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு தர்மபுரி மாவட்டத்து அந்த மலையடிவாரச் சிற்றூருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று ஆட்சியாளர்கள் சொன்னார்கள். பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் துணைநிற்க அந்தப் பெண்கள் விடவில்லை. 1995-இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. சீருடைக்காரர்களை நேருக்கு நேர் அடையாளம் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல், ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவந்த நீதிபதி வேல்முருகன், அதே செப்டம்பர் 29-இல் அதை உறுதிசெய்தார். முப்பத்தொரு ஆண்டு. இதற்கிடையே இறந்துபோன 54 பேரைத் தெய்வம் நின்று கொன்றது என்று சொல்ல ஆசைப்படுவோர் இருப்பார்கள். அப்படியானால் அதே குற்றத்தைச் செய்த 215 பேரைத் தெய்வம் ஏன் விட்டுவைத்தது? அந்த 54 பேர் எல்லாரையும்போல வயதாலும் நோயாலும் இறந்தார்கள். அவர்கள் தப்பிவிட்டார்கள் என்பதுதான் மனித நீதியின் பார்வையில் உண்மை. மரணத்தைத் தண்டனை என்று நாம் பெயர் மாற்றும்போது, தாமதித்த நீதிமன்றத்தையும் மறுத்த அரசையும் மன்னித்துவிடுகிறோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு நாத்திக நண்பர் சிரிக்காமலே கேட்பார்: தண்டிப்பதைக் காட்டாத கடவுள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. ஆனால் அவரும் பக்தரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்பதை அவர் கவனிக்க வேண்டும். இருவருக்கும் கண்ணெதிரே லத்தி சுழல வேண்டும். சுழல்கிறது என்று ஒருவர் கற்பனை செய்துகொள்கிறார், சுழலவில்லையே என்று மற்றவர் விலகிப்போகிறார். பொய் சொன்ன அந்த நொடியே நாக்கு அழுகும் உலகில் ஒருவரும் பொய் சொல்லமாட்டார். ஆனால் அங்கே உண்மை பேசுகிறவர் என்று யாரையும் மதிக்கவும் முடியாது. கடவுளின் நீதியை நம்புவது என்பது எனக்கு இதுதான்: தீயவன் செழித்திருப்பது கடவுளின் சம்மதம் அல்ல, நல்லவன் வீழ்ந்திருப்பது கடவுளின் தீர்ப்பும் அல்ல, கடைசிச் சொல் இன்னும் சொல்லப்படவில்லை. வெண்மணியில் கருகியவர்களுக்கு இனி எந்த நீதிமன்றமும் எதையும் திருப்பித் தர முடியாது. கடவுள் இல்லையென்றால் அவர்களின் வழக்கு என்றென்றைக்கும் மூடப்பட்டுவிட்டது. அது மூடப்படவில்லை என்று நான் நம்புகிறேன். இதற்கு ஆதாரம் காட்ட முடியாது. ஆனால் அந்த நம்பிக்கை உள்ளவர் பழிவாங்க அரிவாள் எடுக்க வேண்டியதில்லை, முப்பது ஆண்டு ஆனாலும் சோர்ந்து விழ வேண்டியதில்லை, எதிரி வீட்டில் நோய் வந்ததா என்று எட்டிப் பார்க்க வேண்டியதும் இல்லை. தீர்ப்பு என் கையில் இல்லை என்று தெரிந்தவரால்தான் தன் கையில் இருக்கும் வேலையைப் பொறுமையாகச் செய்ய முடியும்.

தீமை தண்டிக்கப்படவில்லையே என்று வருந்துகிற நாம், அந்தத் தீமையின் ஆதாயத்தில் குடியிருக்கிறோமா என்று கேட்டுக்கொள்வதில்லை. பறிபோன நிலம் காற்றில் கரையவில்லை. யாரோ விற்றார், யாரோ வாங்கினார், யாரோ வாடகை வாங்குகிறார். ஆகவே கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரைவரை மனை தேடுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூமி பூஜைக்கும் பிரதிஷ்டை ஜெபத்துக்கும் நாள் குறிக்கும் முன், தாய்ப் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்தப் புல எண்ணுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பஞ்சமி நிலத்தைக் குறிக்கும் 'டி.சி. நிலம்' என்றோ, நிபந்தனைப் பட்டா என்றோ, ஏரி, கால்வாய் என்றோ குறிப்பு இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கோயில் அறங்காவலர்களும் சபைப் போதகர்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் நன்கொடைத் தட்டில் விழும் பணத்துக்கும் இதே கேள்வியைக் கேட்கட்டும். 1892-இல் விதித்த அந்த நிபந்தனைகள் இன்றும் சட்டப்படி செல்லும்.